க்ளெர்வோவுக்குச் சுற்றுவழி

இடலினா: ஐயா, க்ளெர்வோவுக்கு நேரா ரயில் இருக்குன்னு சொல்றாங்களே... நாம ஏறுறது இது மூணாவது வண்டி.

ஜெம்பி: ரயில்ல போனா லக்ஸம்பர்க்கைப் பார்த்த மாதிரி ஆகுமாம்மா? கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள ஊரு வந்துரும். விருந்தாளி வந்திருக்கீங்க... டிராம்ல ஏத்துனேன், கோட்டையைச் சுத்திக் காட்டுனேன், மலையேறுற ரயில்ல ஏத்துனேன், இப்போ பஸ். எங்கயாவது டிக்கெட்டுக்கு ஒரு சென்ட் காசு கேட்டாங்களா?

இடலினா: கேக்கல.

ஜெம்பி: கேக்க மாட்டாங்க. நாடு பூரா இலவசம். ரயில்ல முதல் வகுப்புக்கு மட்டும் காசு. அதுல எங்க மச்சினி ஒருத்திதான் போவா.

இடலினா: பேசாம வாடகைக்கு ஒரு கார் எடுத்து...

ஜெம்பி: காரா! மூணாவது கியர் போடுறதுக்குள்ள பெல்ஜியம் வந்துரும். போன வருஷம் எங்க டிரைவர் ஒரு தும்மல் போட்டான், பஸ்ஸோட ஜெர்மனியில போய் நின்னோம்.

இடலினா: பொய்!

ஜெம்பி: பாதிதான் பொய். தும்முனது நிஜம்... இந்தாங்க, உருளைக்கிழங்கு அடை, ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க. ஆமா, காலு ஏன் இப்படி வீங்கியிருக்கு? விமானத்துல நீட்டவே இடமில்லையா?

இடலினா: ம்... அப்படித்தான் வச்சுக்கங்களேன்.

ஜெம்பி: க்ளெர்வோல அப்படி என்னதான் அவசரம்?

இடலினா: காலையிலேயே சொன்னேனே. திரு. வெபரைப் பார்க்கணும். அவர் பையன் யானுக்கும் என் மக ரீட்டாவுக்கும் அடுத்த வாரம் எங்க ஊர் பிராகாவுல கல்யாணம். மனுஷன் வரமாட்டேங்கிறார்.

ஜெம்பி: ஏனாம்?

இடலினா: முழங்கால் வலியாம்.

ஜெம்பி: முழங்கால்னா... சும்மாவா?

இடலினா: போர்ச்சுகல் பொண்ணுன்னு பிடிக்கலையோன்னு ரீட்டா அழுதுக்கிட்டே கிடக்கா.

ஜெம்பி: அய்யய்யோ, அப்படியெல்லாம் இல்லவே இல்ல! ...இருக்காதுன்னு சொல்ல வந்தேன்.

இடலினா: முன்வரிசையில மாமனாருக்கு ஒரு நாற்காலி போட்டே தீருவாளாம். காலியாவே இருந்தாலும் வேற யாரையும் உக்கார விடமாட்டாளாம்.

ஜெம்பி: ...அந்தப் புள்ள அப்படியா சொல்லிச்சு?

இடலினா: சொன்னா.

ஜெம்பி: ம்... சரி, அடுத்த நிறுத்தத்துல இறங்குவோம். அங்கேர்ந்து இன்னொரு பஸ், ஏரியைச் சுத்திக்கிட்டு...

இடலினா: போதும் சம்பந்தி.

ஜெம்பி: ...என்ன சொன்னீங்க?

இடலினா: யான் உங்க படத்தைக் காட்டியிருக்கான். இந்த மாதிரி மீசை இன்னொண்ணு இருந்தா உங்க நாட்டுல இடம் பத்தாதே! ஸ்டேஷன்ல யாரோ மாதிரி நின்னீங்க, நானும் யாரோ மாதிரி வழி கேட்டேன்.

ஜெம்பி: தெரிஞ்சேதான் நாள் பூரா என்கூட சுத்துனீங்களா?

இடலினா: எவ்வளவு தூரம்தான் சுத்துவீங்கன்னு பார்த்தேன்.

ஜெம்பி: உங்களை அழைச்சுட்டு வரத்தான் யான் என்னை அனுப்புனான். நேரா வீட்டுக்குப் போனா காபி ஆறுறதுக்குள்ள கல்யாணத்துக்கு ஏன் வரலைன்னு கேட்டுருவீங்களேன்னு...

இடலினா: இப்போ கேக்குறேன். கோட்டைப் படியெல்லாம் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறுன முழங்காலுக்கு என்ன வலி?

ஜெம்பி: முழங்காலுக்கு ஒண்ணுமில்ல. அது தரையை விட்டு மேல போகணும்னாதான்... விமானம்னு சொன்னாலே எனக்கு உள்ளங்கை வேர்த்துரும். இந்த வயசுல பையன்கிட்ட எப்படிச் சொல்றது? ...சிரிங்க, தாராளமா சிரிங்க.

இடலினா: சிரிக்கல சம்பந்தி. என் காலு ஏன் வீங்குச்சுன்னு கேட்டீங்களே... ஊர்லேர்ந்து ரெண்டு நாளா பஸ்லயே உக்காந்து வந்தேன். மக எடுத்துக் குடுத்த விமான டிக்கெட் இந்தப் பையிலதான் கிடக்கு, அவளுக்குத் தெரியாது. திரும்பப் போறதும் பஸ்லதான்... பாதி வழி வரைக்கும் ஜன்னலோரம் உங்களுக்கு, மீதி எனக்கு.