ஊருக்கு மேல ஓடற ஆறு

...மாடி வீட்டுக்குத் தண்ணி வராதுன்னு அந்தப் புரோக்கர் சொன்னானா? பொய்மா! வரும். கீழ எங்க நகரம் குடிச்சது போக மிச்சம் வரும். வாங்க, சாவி எடுத்துத் தரேன்... ஐயோ, அந்தப் பக்கம் கால வைக்காதீங்க, அது துறைமுகம்!

எங்க ஹால்தான் இது. அதாவது, இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் குடிநீர் வாரியத்துல குழாய் போட்டுட்டிருந்தவரு. ரிட்டயர் ஆனா மனுஷன் பேப்பர் படிப்பான், தூங்குவான். இவரு ஊருக்கு மேல ஆறு விடப்போறாராம்! கண்ணாடிக் குழாயில, தெருத்தெருவா, அந்தரத்துல. பொழுது சாஞ்சா உள்ள விளக்கு எரியுமாம், ஜனங்க அண்ணாந்து பாத்துக்கிட்டே நடப்பாங்களாம். பள்ளத்துல விழமாட்டாங்களான்னேன். பள்ளத்துலயும் தண்ணிதான், மெதப்பாங்கன்னாரு!

நகராட்சி எஞ்சினியர்கிட்ட வரைபடத்தத் தூக்கிட்டுப் போனாரு. "சார், நீங்க தலைகீழா நின்னு தண்ணி குடிச்சாலும் இது நடக்காது"ன்னுட்டாரு அவரு. வேற ஆளா இருந்தா வெக்கப்பட்டிருப்பான். இவரு வீட்டுக்கு வந்து, தலைகீழா நின்னு தண்ணி குடிக்கவே ஒரு நீரூற்று கட்டினாரு. அதோ, அந்த மூலையில. அதுல ஆரம்பிச்சு, ஹால் பூரா ஒரு பொம்ம நகரமே கட்டிட்டாரு.

சாப்பாட்டு மேஜ மேல மலை. நாங்க நின்னுக்கிட்டே சாப்பிடறோம். என் ஷாம்பு பாட்டில் எல்லாம் கோபுரமாயிடுச்சு. மாப்பிள்ள வந்தாரு, பாவம், ஃபேன் ஸ்விட்சுன்னு நெனச்சு ஒண்ணத் தட்டினாரு. அருவி! புதுச் சட்டையோட நனைஞ்சு கிளம்பினவருதான், இன்னும் எட்டிப் பாக்கல. மக போன்ல அழறா. எனக்கு வயிறு எரியாதா, நீங்களே சொல்லுங்க!

அதுலயும் பாருங்க, ஆம்பளப் புத்தி... இவ்வளவு பெரிய நகரம், உக்கார ஒரு பெஞ்சு இல்ல! சண்ட போட்டேன். பாலம் நெடுக சின்னச் சின்னதா இருக்கே, அதெல்லாம் நான் ஒட்டினது. தீக்குச்சிதான். பொம்பளைங்களுக்குத் தனி அருவியும் கேட்டு வாங்கினேன். மூட்டுவலிக்காரங்களுக்கு வெந்நீர்! விடுவேனா?

அந்த எஞ்சினியருக்கு என்னம்மா தெரியும்? ஒரு தடவ... ஒரே ஒரு தடவ, ஜன்னலச் சாத்திட்டு இத ஓடவிட்டுப் பாத்தாரா? இருங்க, காட்டறேன். ஷாக் எல்லாம் அடிக்காது... செருப்ப மட்டும் கழட்டாதீங்க. ஏங்க! மோட்டாரப் போடுங்க!

ம்ம்... வருது, வருது. மொதல்ல மலை... இப்ப ஆறு... மேல பாருங்க, விளக்கு வெளிச்சத்துல கூரை பூரா தண்ணி நெளியறத! நாமளே தண்ணிக்கு அடியில நிக்கற மாதிரி இல்ல? ...ஏம்மா, இல்ல?

...எங்க இந்தம்மா? ஏங்க, போயிட்டாங்க.

அட, இருக்கட்டும், அணைக்காதீங்க. அந்தக் கதவ மட்டும் சாத்துங்க, வெயில் உள்ள வருது.