குடைக்கார அம்மாவின் பதினொரு பக்கங்கள்

அவையை அணிசெய்யும் தலைவர் அவர்களே! அவர் கைக்கெட்டும் தூரத்தில், என் வாயை அடக்கவென்றே வந்து அமர்ந்திருக்கும் மேசை மணி அவர்களே! முன்வரிசையை நிரப்பியிருக்கும் பெரியோர்களே! "எந்நேரமும் கேம்தானா, கண்ணு என்னத்துக்கு ஆகும்" என்று வீட்டில் பிள்ளைகளை ஏசிவிட்டு, இன்று அதே பிள்ளைகளின் கைப்பிடித்து ஒரு கேம் குழுவைப் பாராட்ட வந்திருக்கும் தாய்மார்களே! இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் இளைஞர்களே! எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

எங்கள் குழுவின் வரலாற்றைச் சொல்ல எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். பத்து நிமிடம்! எனக்கு! என்ன ஐயா, பின்வரிசையில் சிரிப்பு? ஓ, என்னை ஏற்கெனவே கேட்டவர்களா? அப்படியென்றால் பொறுத்துக்கொள்ளவும் உங்களுக்குத் தெரியும்.

எந்த மாளிகையில் பிறந்தது எங்கள் குழு? எந்த மண்டபத்தில் வளர்ந்தது? சைக்கிள் பழுதுபார்க்கும் கடையின் மாடியில், அன்பர்களே! ஏறுவதற்குப் பதினாறு படி, அதில் ஏழாவது படி உடைந்த படி. அறைக்குள் மூன்று கணினி, நான்கு நாற்காலி, ஒரு கால் குட்டையாகி எந்நேரமும் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு மேசை. அந்த மேசையில் வைத்த தேநீர் ஒருநாளும் முழுதாக எங்கள் வாய்க்கு வந்ததில்லை.

யார் அந்த நால்வர்? முதலாமவர், கணினி நிரல் எழுதும் பெண்மணி. முன்பு லிஃப்டுகளுக்கு நிரல் எழுதியவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். ஆகவே நாங்கள் வைத்த பெயர் 'பூட்டு'. இரண்டாமவர் என் மனைவியின் அண்ணன், என் மச்சான். கடைப் பெயர்ப்பலகை எழுதி எழுதிப் பழகிய கை. ஒரு தவளையை வரையச் சொன்னால்கூட நான்கு தெரு தாண்டித் தெரிகிற மாதிரி வரைவார். மூன்றாமவர் மைக்செட் அண்ணன். ஆற்று ஓசை வேண்டுமென்று தன் வீட்டுக் குளியலறையில் வாளியும் துடுப்புமாக மூன்று நாள் குடியிருந்து, வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட மகான். நான்காவது? அடியேன்தான். மேடை கிடைத்தால் இறங்காதவன், கதை எழுதச் சேர்ந்தவன்.

எங்கள் கேம் எளியது. பனி மூடிய ஆறு. ஆடுகிறவர்தான் படகோட்டி. ஒருவர் ஏறுவார், அக்கரையில் இறங்குவார். ஏறுகிறவர் பேச வேண்டும் அல்லவா? பேச வைத்தேன் பெருமக்களே, பேச வைத்தேன்! மீன்காரன் பேசினான், மருத்துவர் பேசினார், ஓடிப்போன மாப்பிள்ளை பேசினான், அவனைத் தேடிவந்த மாமனார் பேசினார். எல்லோரும் என்னைப் போலவே பேசினார்கள். அதுதான் கோளாறு என்று எனக்கு மட்டும் தெரியவில்லை.

இந்த இடத்தில் வருகிறார் எங்கள் ஐந்தாவது ஆள், என் அக்கா. அதோ, இரண்டாம் வரிசையில், "என்னை இழுக்காதே" என்று கண்ணாலேயே மிரட்டுகிறாரே, அவரேதான். மருத்துவமனையில் செவிலியர். கேம் என்றால் என்னவென்றே தெரியாது. தெரியாதவர்தான் வேண்டும் என்றார் பூட்டு. சனிக்கிழமை காலைதோறும் அக்கா ஆடிப் பார்ப்பார். நாங்கள் நால்வரும் பின்னால் நிற்போம். ஒரே ஒரு சட்டம் போட்டார் பூட்டு.

"ஆடுறவங்க பின்னாடி நிக்கிறப்ப யாரும் வாயத் திறக்கக் கூடாது. நாளைக்கு வாங்குறவங்க வீட்டுக்கெல்லாம் போய் விளக்கம் சொல்லப் போறீங்களா?"

அன்றைய பத்து வார்த்தைக் கணக்கையும் தாண்டிய பேச்சு அது! அதனால் நாங்களும் அடங்கினோம். நான் மட்டும் அடங்குவேனா? அதற்காகத்தான் இந்தக் கைக்குட்டை. பாருங்கள், நன்றாகப் பாருங்கள், பல் பதிந்த கைக்குட்டை இது!

முதல் சனிக்கிழமை. மீன்காரன் வாயைத் திறந்தான். அக்கா, பேச்சைக் கேட்காமலே கடக்கத் திரையின் மூலையில் 'தாண்டு' என்றிருந்த பொத்தானை அழுத்தினார். மருத்துவர் திறந்தார், தாண்டு. மாப்பிள்ளை, தாண்டு. மாமனார், தாண்டு, தாண்டு, தாண்டு! படகைப் பந்தயத்தில் விட்டது போல விரட்டிக்கொண்டே அக்கா கேட்டார்: "எவன்டா இத எழுதுனது? மூச்சு விடமாட்டானா?"

சிரிக்கிறீர்கள். எனக்கு நெஞ்சு எரிந்தது தாய்மார்களே! ஒவ்வொரு 'தாண்டு'ம் என் தலையில் விழுந்த குட்டு.

இதற்கிடையில் வந்தது கெடு. கேம்களை வெளியிடும் ஒரு நிறுவனத்தின் அதிகாரியம்மா இரண்டு வாரத்தில் வந்து ஆடிப் பார்ப்பார். பிடித்தால் வெளியிடுவார்கள். பிடிக்காவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான். பூட்டின் பழைய லிஃப்டு வேலைக்கு மீண்டும் அழைத்துக் கடிதமே வந்துவிட்டது. அது மேசைமீதே கிடந்தது. பூட்டு போனால் குழு ஏது? மூன்றாண்டு உழைப்பு ஏது? என்னால்தான் எல்லாம் மூழ்கப்போகிறது என்று எனக்குப் பயம் வந்தது.

பயந்தவன் என்ன செய்வான்? குறைப்பான். நான் கூட்டினேன்! கடைசிப் பயணி ஒரு வயதான அம்மா, மடியில் ஓர் ஆண்பிள்ளைக் குடை. அந்த அம்மாவுக்குப் பதினொரு பக்கம் எழுதினேன். கல்லும் கரையும் என்று மச்சானிடம் சவால் விட்டேன். "கரையிற வரைக்கும் யாரு உக்காந்திருப்பா மாப்ள?" என்றார் அவர்.

அடுத்த சனிக்கிழமை. குடைக்கார அம்மா ஏறினார், உட்கார்ந்தார். பேசவில்லை. ஒரு வார்த்தை இல்லை! என்ன நடந்தது? அவசரத்தில் பூட்டு என் பதினொரு பக்கத்தையும் கணினியில் வேறு இடத்தில் வைத்துவிட்டார். கேம் தேடிப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டது. பூட்டின் முகம் வெளுத்தது. ஆட்டத்தை நிறுத்தக் கை நீட்டினார்.

அந்தக் கையைப் பிடித்து நிறுத்தியது யார் தெரியுமா? நான்! ஏனென்றால் அக்காவின் விரல் 'தாண்டு' மேல் இல்லை. படகு ஆடக்கூடாதென்று துடுப்பை மெல்ல மெல்லப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் இந்தம்மா பேசமாட்டேங்குது?" என்றார். பிறகு, "அது யாரோட குடை?" என்றார்.

விடை எனக்குத் தெரியும் ஐயா! ஏழாம் பக்கத்தில் இருக்கிறது! வாயில் கைக்குட்டை. கடித்தேன். அக்கா தானாகவே மெதுவாகச் சொன்னார்: "வார்டுல இப்படித்தான் உக்காந்திருப்பாங்க. கேக்கக் கூடாது. பக்கத்துல இருக்கணும்." படகு கரை சேர்ந்தது. குடைக்கார அம்மா இறங்கிப் பனிக்குள் நடந்தார். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்றார்.

அன்று பகல் முழுக்க அமர்ந்து பதினொரு பக்கத்தையும் அழித்தேன். வலித்ததா? வலித்தது! பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தது போலத்தான் வலித்தது. அழித்த இடத்தில் ஒரே ஒரு வரி எழுதினேன். மற்ற பயணிகளின் பேச்சையும் வெட்டினேன். என் மச்சான் நம்பாமல் என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தார்.

அதிகாரியம்மா வந்தார். ஏழாவது படியில் தடுக்கி, கடுகடுத்த முகத்தோடு வந்தார். கடிகாரத்தைக் கழற்றி எதிரே வைத்தார், விரலைத் 'தாண்டு' மேல் வைத்தார். பின்னால் நாங்கள் நால்வர், இப்போது நால்வர் வாயிலும் கைக்குட்டை! பயணிகள் வந்தார்கள், போனார்கள். குடைக்கார அம்மா ஏறினார். ஆறு ஓடியது, வாளியில் பிடித்த ஆறு. அதிகாரியம்மாவின் விரல் பொத்தானை விட்டு நகர்ந்தது. படகு மெதுவாகப் போனது. கரை வந்தது. குடைக்கார அம்மா இறங்கித் திரும்பிப் பார்த்து, என் ஒரே வரியைச் சொன்னார்:

"பாத்துப் போங்க."

அந்த அதிகாரியம்மா திரையைப் பார்த்து, வாய்விட்டு, "சரிம்மா" என்றார்.

எத்தனை மேடை ஏறியிருக்கிறேன்! எத்தனை கைதட்டல் வாங்கியிருக்கிறேன்! அந்த ஒரு 'சரிம்மா'வுக்கு ஈடாக எதுவும் இல்லை. மைக்செட் அண்ணன் கைக்குட்டைக்குள் தேம்பியதைக் கேட்டுத் திரும்பிய அம்மையார், "என்னங்க ஆச்சு எல்லாருக்கும்?" என்று பதறினார். பூட்டோ, அந்த வேலைக் கடிதத்தை நான்காய் மடித்து மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் செருகினார். மேசை ஆட்டம் நின்றது.

கேமை அந்த நிறுவனமே வெளியிட்டது. இன்று எங்கள் குழுவில் ஒன்பது பேர். சுவரோரம் நிற்கும் இளைஞர்களே, பலகை எழுதுகிற கையா உங்களுக்கு? லிஃப்டு வேலையா? வார்டு வேலையா? வாருங்கள்! வாயாடிகளும் வரலாம், கைக்குட்டை நாங்கள் தருகிறோம். ஏழாவது படியும் இப்போது புதிது.

மணியடிக்கக் கை நீட்டிய தலைவர் அவர்களே, வேண்டாம், நானே முடிக்கிறேன். பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும், தாய்மார்க்கும், என்னைத் தாண்டித் தாண்டியே திருத்திய என் அக்காவுக்கும் நன்றி, வணக்கம். வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது.

பாத்துப் போங்க.