வேன்ல இடம் இருக்கு

— கத்தாதீங்க! போற லாரிக்காரன் எல்லாம் எட்டிப் பாத்துட்டுப் போறான்.

— பாக்கட்டும்! கட்டின புருஷனை விட்டுட்டு காலையிலேருந்து எவனோ ஒருத்தன் முதுகையே பாத்துக்கிட்டு சைக்கிள் மிதிக்கிறவளை நல்லாப் பாக்கட்டும்!

— எவனோ ஒருத்தரா? நம்ம தெரு மருந்துக்கடைக்காரருங்க. உங்கம்மாவுக்கு மூச்சு முட்டினப்ப சாத்தின கடையைத் திறந்து மருந்து குடுத்தவரு.

— அதுக்காக? அதுவும் தனிக்கட்டை!

— சர்வேயர் தம்பி, நர்ஸம்மா, ரெண்டு பேரும் முதல்ல வேன் நிழலுக்கு வாங்க. இந்தாங்க, ஆளுக்கொரு வாழைப்பழம். எனக்கெதுக்கு வம்பு, நான் சைக்கிளுங்க பின்னாடி வேன் ஓட்டி, முடியாதவங்களை ஏத்திக்க வந்தவ. ஆனா ஒண்ணு. பாலத்துக்கு அந்தப் பக்கம் அவரு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனாரு. அதை இந்தக் கண்ணு பாத்துச்சு.

— கேட்டியா? லாண்டரி அக்காவே சொல்றாங்க!

— அக்கா, இன்னிக்கு எதிர்க்காத்து. முன்னாடி ஒருத்தர் போனா பின்னாடி ஒட்டி வர்றவங்களுக்குக் காத்து பாதிதான் படும். தூரமா ஓட்டுறவங்க எல்லாரும் அப்படித்தான் போவாங்க. பின்னாடி ஆள் வருதான்னு முன்னாடி போறவரு பாக்க வேண்டாமா?

— அந்தக் காத்தை நான் மறைக்க மாட்டேனா? நான் என்ன கொடிக்கம்பமா?

— விடியக்காலையில உங்க பின்னாடிதானே வந்தேன்? குறுக்கு வழின்னு திருப்பினீங்க. கல்குவாரிக்குள்ள போய் நின்னோம். இவரு சர்வேயராம்!

— வரைபடத்துல அது ரோடுதான். கணக்குப்படி பாத்தா...

— உங்க கணக்குப்படிதான் டயருக்குக் காத்தடிச்சீங்க. பட்டாசு மாதிரி வெடிச்சுது. மாத்து ட்யூப் எங்கேன்னு கேட்டா, வீட்டு மேசை மேலயாம். அவருதான் தன்னோடதை எடுத்துக் குடுத்தாரு.

— அதான் எனக்கு எரியுது! குடுத்துட்டு, "பரவாயில்ல சார், எல்லாருக்கும் மறக்குறதுதான்"னு தோள்ல தட்டுறான். அவன் தட்டுறதுக்கா நான் தோள் வளத்து வெச்சிருக்கேன்?

— அப்புறம் தம்பியோட செயின் அறுந்துச்சே, அப்பவும் அவருதான் குனிஞ்சு உக்காந்தாரு. நீலச் சட்டை பூரா கிரீஸ். எத்தனை அலசு அலசினாலும் போகாது. எனக்கெதுக்கு வம்பு.

— அதுக்கப்புறம் இவருக்குக் கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு. சரி, வேன்ல ஏறினாரு. ஏறினவரு காலை நீட்டிப் படுக்கலாமில்ல? என்னையும் ஏறு ஏறுங்கிறாரு.

— நான் வேன்ல, நீ அவன்கூட சைக்கிள்ல. ஊர் என்ன பேசும்?

— இந்தப் பொட்டக்காட்டுல ஊர் எங்கேங்க இருக்கு? ஊர்னு இருக்கிறது இந்த அக்கா ஒருத்தங்கதான்.

— அடிப்பாவி! வாழைப்பழம் குடுத்ததுக்கு நல்ல மரியாதை!

— இங்க பாருங்க. நான் இதை முடிக்கணும். என் வார்டுக் குழந்தைங்களுக்கு மூச்சுக் கருவி வாங்க நிதி திரட்டத்தானே இத்தனை பேரும் மிதிக்கிறோம்? டியூட்டி முடிச்சு வந்து தினமும் பழகினேன். இன்னும் ஒரு மணி நேரம்தான். பசங்க ஆஸ்பத்திரி ஜன்னல்ல நின்னுட்டிருப்பாங்க, நர்ஸக்கா சைக்கிள்ல வருவாங்கன்னு.

— வேன்ல வந்தாலும் தெரியும் அந்த ஜன்னல்லேருந்து. ஏறு. இல்லைன்னா நான் எங்கம்மா வீட்டுக்குக் கிளம்பிடுவேன்.

— தம்பி, அது அவங்க சொல்ல வேண்டிய வசனம்.

— அக்கா, நீங்க சும்மா இருங்க!

— நான் சும்மாதான் இருக்கேன். அங்க ஒருத்தரு மரத்தடியில காத்துக்கிட்டு நிக்கிறாரு, அதையும் பாத்துக்கிட்டு. பாட்டிலை இடது கையில பிடிச்சிருக்காரு பாருங்க. வலது தோள்ல வலி. வாயைத் திறந்து சொல்ல மாட்டாரு.

— உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?

— தேய்க்கிறவளுக்குத் தெரியாதா? சட்டையில வலது தோள்ல மட்டும் தைல வாசனை. காலர் நுனி நைஞ்சு போயிருக்கும். பிரிச்சு, திருப்பித் தெச்சு வெப்பேன். அவரா ஒரு நாளும் கேட்டதில்லை.

— காலரைத் திருப்பியா? இவரு சட்டை உங்ககிட்ட வந்தா இருந்த பொத்தானும் போயில்ல வருது?

— தம்பி சட்டை... அது துணி அப்படி.

— அக்கா. பாலத்துகிட்டப் பாத்தேன், கடை வாசல்ல சிரிச்சாங்க, ஒரே பாட்டில்ல தண்ணி குடிச்சாங்கன்னு காலையிலேருந்து இவரு காதுல ஊதினது நீங்கதானே?

— பாத்ததைச் சொன்னேன். எனக்கெதுக்கு...

— நீங்க என்னைப் பாக்கலைக்கா. அவரைப் பாத்துக்கிட்டே வந்திருக்கீங்க. இது வம்பு இல்ல, வயித்தெரிச்சல்.

— ஆமா, வயித்தெரிச்சல்தான்! போதுமா? எத்தனை வருஷமா அந்தச் சட்டைங்களைத் தேய்க்கிறேன்! வாங்குவாரு, "வரேம்மா"ம்பாரு, போயிடுவாரு. ஒரு நாள் திரும்பிப் பாத்திருப்பாரா? உன்னை மட்டும் மேடு ஏறினா பாக்குறாரு, பள்ளம் இறங்கினா பாக்குறாரு. நான் கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து பாத்துக்கிட்டே வர்றேன். எனக்கு எரியாதா?

— அக்கா... நீங்களா? கணக்குப்படி நான்தானே எரியணும்?

— நீங்க பேசாம இருங்க. அக்கா, இறங்குங்க. இந்தாங்க, ஹெல்மெட்டைப் பிடிங்க.

— எதுக்குடி?

— துணி மூட்டையைப் பின்னாடி கட்டிக்கிட்டு வீடு வீடா மிதிக்கிறவங்கதானே? இன்னிக்கு மூட்டை இல்லாம மிதிங்க. என் சைக்கிளை எடுத்துக்கோங்க.

— பைத்தியமா உனக்கு? முடிக்கணும் முடிக்கணும்னு இப்பத்தானே குதிச்சே?

— கால் வலிக்குது.

— வலிக்கலைன்னுதானே என்கிட்ட அவ்வளவு நேரம் சண்டை போட்டே?

— இப்ப வலிக்குதுங்க. அக்கா, ரொம்ப ஒட்டிப் போகாதீங்க, அவரு பிரேக் பிடிச்சா மோதிடுவீங்க. பேச்சு வளக்காதீங்க, காத்துல ஒண்ணும் கேக்காது. பின்னாடியே போங்க.

— அவரு... திரும்பிப் பாப்பாரா?

— பாப்பாரு. பின்னாடி யாரு வந்தாலும் பாக்குறது அவரு பழக்கம்.

— சரி, வேனை யாரு ஓட்டுறது?

— நான்தான். நீங்க பின்னாடி உங்க சைக்கிளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காருங்க.

* * *

— லாண்டரி இருந்த இடத்துல சலூன் வருதாமே?

— தெரியும். அக்கா சாவியை என்கிட்டதானே குடுத்துட்டுப் போனாங்க.

— மருந்துக்கடையையும் அவன் வேற ஆளுக்குக் கைமாத்தி விட்டுட்டான். அவன் தங்கச்சி இருக்கிற ஊர்ல புதுக்கடையாம். அக்காவுக்கும் அவனுக்கும் கல்யாணமாகி முழுசா ஒரு மாசம் ஆகலை, ரெண்டு பேரும் மூட்டை கட்டிட்டாங்க. தெருவே வெறிச்சுன்னு இருக்கு. யாரு வீட்டுல என்ன நடக்குதுன்னு இனிமே நமக்கு யாரு சொல்லுவா?

— யாரும் சொல்ல வேண்டாம்.

— நான்தான் அன்னிக்கு வீணா சந்தேகப்பட்டுட்டேன். ஒத்துக்கிறேன், போதுமா? எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. ஒண்ணுதான் எனக்குக் கணக்கு உதைக்குது.

— என்ன?

— கால்வலி பொய்னு எனக்குத் தெரியும். பசங்க ஜன்னல்ல நின்னாங்க. பாக்கி ஒரு மணி நேரம். அவ்வளவு ஆசையா பழகினவ சைக்கிளைத் தூக்கிக் குடுத்துட்டே. அக்கா மேல உனக்கு அவ்வளவு பாசமா?

— பாசமெல்லாம் இல்லைங்க. அந்த ஒரு மணி நேரமும் நான் அவரு பின்னாடி ஓட்டியிருந்தா, உங்ககூட வீட்டுக்கு வந்திருக்க மாட்டேன்.