முப்பத்தாறாம் மாடியில் மச்சானின் தலைசுற்றல்

வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. என் மனைவி சுதாவின் அண்ணன் ஞானசேகரன் எங்கள் குவீன்ஸ்டவுன் வீட்டில், முப்பத்தாறாம் மாடியில், இரண்டு வருடம் தங்கியிருந்தார். டவர் கிரேன் ஓட்டுபவர். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம்.

என் வேலை, கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ரா நிலப்பிளவில் நூறாண்டுகளாக வந்த நிலநடுக்கங்களை எண்ணிப் பார்ப்பது.

"ஒண்ணையாவது முன்கூட்டியே சொல்லிருக்கீங்களா மாப்ள? சும்மா உக்காந்து எண்றதுக்குச் சம்பளமா லா?" என்பார். சுதா சிரிப்பாள். அவர் கேட்டது எனக்கு வலிக்கவில்லை. அவள் சிரித்தது வலித்தது.

எந்த நாளில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, உண்மைதான். ஆனால் பெரியது ஒன்று வந்துவிட்டால் அதன் குட்டிகள் ஓர் ஒழுங்கோடு பின்னால் வரும். முதல் நாள் வந்ததில் ஏறக்குறைய பாதி இரண்டாம் நாள், மூன்றிலொன்று மூன்றாம் நாள். பெரியது செய்தியில் வரும், குட்டிகள் வராது. தரையில் நிற்பவன் அவற்றை உணரவும் மாட்டான். எங்கள் மாடி மட்டும் லேசாக ஆடும்.

போன மார்ச்சில் பெரியது வந்தது. கிரேன்களைச் சோதிக்க மூன்று நாள் வேலையை நிறுத்தினார்கள். மச்சான் வீட்டில் இருந்தார், நானும் விடுப்பு எடுத்துக்கொண்டேன். கூடத்தில் தொங்கும் விளக்கைத் துடைக்கவென்று கழற்றி வைத்தேன். கோப்பி தளும்பினால் தெரிந்துவிடும் என்பதால் சூட்டோடு குடித்தேன். நாக்கு வெந்துபோனது.

"மாப்ள, வீடு ஆடுதுல்ல?"

"இல்லையே மச்சான். எனக்குத் தெரியாம நிலநடுக்கமா?"

நான்கு முறை கேட்டார். நான்கு முறையும் இதையேதான் சொன்னேன். கீழ்த்தளக் கடையில் வேலை பார்க்கும் சுதாவும் ஒன்றும் தெரியவில்லை என்றாள். அவள் பாவம், உண்மையைத்தான் சொன்னாள்.

அப்படியானால் தனக்குத்தான் தலைசுற்றல் என்று நம்பிவிட்டார். மருத்துவரிடம் நானே அழைத்துப் போனேன். காரணம் அகப்படவில்லை. "கீழ ஆளுங்க நிக்கிறாங்க மச்சான், மறைச்சா பாவம்," என்றேன். மறுநாள் அவரே போய் மேலாளரிடம் சொன்னார். பதினேழு வருடம் ஓட்டிய கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். வேறு வேலை அமையாமல் பட்டுக்கோட்டைக்கே திரும்பிவிட்டார்.

நேற்று ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தார். "மாப்ள, அன்னைக்கு நீங்க சொல்லலன்னா யார் தலையிலயாவது போட்டிருப்பேன். உயிர் உள்ளவரைக்கும் மறக்க மாட்டேன்." கேட்டுவிட்டுச் சுதா அழுதாள்.

அந்த நான்கு முறையும் வீடு ஆடியது. நேரத்தோடு குறித்தும் வைத்திருக்கிறேன். அவரிடம் சொல்லிவிடலாம்தான். ஆனால் நன்றி சொல்கிற மனிதரின் மனத்தை நோகடிக்க எனக்கு வராது.