கேப்டன் உடையில் பை கிடையாது

இந்த அறைக்கதவின் கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் தேவலை சார். நீங்கள் வரும்போதும் போகும்போதும் முனகுகிறது. உள்பக்கம் கைப்பிடியும் இல்லை. தப்பாக நினைக்காதீர்கள், மூடிய கதவைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. கொஞ்சம் எழுந்து நடந்துகொண்டே பேசட்டுமா? சரி, உட்கார்ந்தே பேசுகிறேன்.

எங்கள் விண்வெளித் தொடரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கேப்டன் நடந்து வருவார், கதவு 'ஸ்ஸ்' என்று தானாக விலகும். தானாகவாவது, மண்ணாங்கட்டியாவது. அந்தச் சத்தம் அப்புறம் சேர்ப்பது. பலகைச் சுவருக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து கயிற்றை இழுக்கிறவன் நான். என் பெயரே கயிறு என்றாகிவிட்டது. நடிகர் ஒரு குறிப்பிட்ட வசனத்தைச் சொல்லி முடிக்க வேண்டும், நான் இழுக்க வேண்டும். பிந்தினால் அவர் மூக்கு உடையும். என் காலத்தில் ஒரு மூக்கும் உடைந்ததில்லை.

சுவருக்குப் பின்னால் இருப்பவனுக்குப் படம் தெரியாது, பேச்சு மட்டும்தான் கேட்கும். சண்டை எபிசோடில் என்ன கேட்கும்? 'சுடு', 'குனி', 'விடாதே'. காதுவலிதான் மிச்சம். சின்ன எபிசோடுகள் அப்படியில்லை. ஒரு தடவை விண்கலத்தில் தண்ணீர்க்குழாய் உடைந்துவிடும். கேப்டனும் மெக்கானிக் பெண்ணும் ஆளுக்கொரு பக்கம் குழாயை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கையை எடுக்க முடியாது, அதனால் பேசுவார்கள். தன் சமையல் அப்பாவுக்குப் பிடிக்காமல் போனதை அவள் சொல்வாள், அவ்வளவுதான் கதை. ஒரு கிரகமும் வெடிக்கவில்லை. அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய் நெடுநாள் பேசாதிருந்த அண்ணனுக்குப் போன் பண்ணினேன்.

அதை எழுதியது என் தங்கச்சி. இயக்குநர் அவள் புருஷன், என் மாப்பிள்ளை. வாராவாரம் மற்றவர்கள் எழுதும் சண்டைக்கு நடுவே இவளுக்கு எப்போதாவது ஒரு எபிசோடு கிடைக்கும். உயிரைக் கொடுத்து எழுதுவாள். ஆனால் பார்க்கிறவர்கள் எண்ணிக்கை அந்த வாரம் மட்டும் சரியும். போன மாதம் மாப்பிள்ளை என் முக்காலிப் பக்கம் வந்து குந்தினார்.

"மச்சான், இவ எழுதுறதுல இதுதான் கடைசி. இதுவும் எடுபடலைன்னா அடுத்து வெறும் சண்டைதான். சேனல்ல கறாரா சொல்லிட்டாங்க."

"அவளுக்குத் தெரியுமா மாப்பிள்ளை?"

"தெரியும். ராத்திரியெல்லாம் தூங்காம திருத்தி எழுதிட்டு இருக்கா."

கதை இதுதான். ஒரு சின்ன அறை, கதவு திறக்கவில்லை, காற்று தீர்ந்துகொண்டே வருகிறது. மெக்கானிக் பெண் முதுகைக் காட்டிக்கொண்டு சுவர் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய அண்ணனைக் காப்பாற்றாமல் விட்டு ஓடியவர் கேப்டன். மூச்சு முட்ட முட்ட அதை அவர் ஒத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் "எல்லாம் சொல்லிட்டேன்" என்பார். அதுதான் எனக்கு அடையாள வசனம். அதைக் கேட்டதும் கதவை இழுக்க வேண்டும்.

கேப்டன் வேஷம் போடுகிறவர் நல்ல மனுஷன்தான். ஆனால் துப்பாக்கி பிடித்துப் பிடித்துக் கெட்டுப்போனவர். "ரெண்டு பேர் உக்காந்து பேசுறதை எவன்யா பாப்பான்?" என்று தங்கச்சி காதுபடவே சொன்னார். அவள் சிரித்துவிட்டுப் போனாள். எனக்குச் சுருக்கென்றது.

அவருக்கு மூச்சிரைப்பு உண்டு. வெளியே தெரிந்தால் விண்வெளி வீரர் வேஷம் போய்விடும் என்று மறைத்துவைத்திருந்தார். எனக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் கேப்டன் உடையில் பை கிடையாது. எதிர்காலத்தில் மனிதர்களுக்குப் பையில் வைக்க ஒன்றும் இருக்காது என்று தையற்காரர் முடிவுசெய்துவிட்டார். அதனால் அவருடைய இன்ஹேலர் எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். முடியாமல் போனால் கதவின் அடியில் குதிகாலால் இரண்டு தட்டு தட்டுவார். கயிறு தவறியதுபோல நான் கதவைத் திறந்துவிடுவேன். மருந்து கைமாறும், திட்டு எனக்கு விழும். எத்தனையோ முறை வாங்கியிருக்கிறேன்.

அந்தக் கதையை எடுத்த அன்றைக்கு முதல் டேக்கில் மூச்சு முட்டுவதாக நடித்தார். குறட்டை விடுவதுபோல இருந்தது. மாப்பிள்ளை தலையில் கைவைத்துக்கொண்டார். தங்கச்சி ஓரமாக நின்று விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பரீட்சை முடிவு வரும் நாளில் அப்படிக் கடிப்பாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அறைக்குள் புகை விடும் இயந்திரமும் என் காலடியில்தான் இருக்கும். இரண்டாவது டேக்கில் கொஞ்சம் கூட்டினேன். அப்புறம் இன்னும் கொஞ்சம். கைதவறி அல்ல சார், அதை எழுதிக்கொள்ளுங்கள்.

இருமல் வந்தது. நிஜ இருமலுக்கும் நடிப்பு இருமலுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். "கதவைத் திறங்க" என்றார். அது வசனத்திலேயே இருப்பது, யாரும் அசையவில்லை. அப்புறம் குதிகால் தட்டியது. இரண்டு தட்டு.

கயிற்றில் கை வைத்தேன். உண்மையாகவே வைத்தேன். அந்த நேரம் பார்த்து அவர் பேச ஆரம்பித்தார். எழுதிக்கொடுத்ததை அல்ல. "என் பொண்ணு போன் பண்ணுச்சு. நான் எடுக்கல. அப்புறம் ஷூட்டிங்ல இருந்தேன்னு பொய் சொன்னேன். சும்மாதாம்மா உக்காந்திருந்தேன்." அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதேயில்லை. முதுகைக் காட்டி நின்ற மெக்கானிக் பெண் தேம்பினாள். வசனத்தில் தேம்பல் கிடையாது. மாப்பிள்ளை 'கட்' சொல்லவில்லை. எப்படிச் சொல்வார், அவரும் அழுதுகொண்டிருந்தாராம்.

நீங்களே சொல்லுங்கள், அந்த இடத்தில் எப்படிக் கதவை இழுப்பது?

மறுபடி தட்டினார். மறுபடியும். ஒவ்வொரு தட்டும் முந்தியதைவிட மெதுவாக. என் இன்னொரு கை சட்டைப்பையில் இருந்தது, இன்ஹேலரைப் பிடித்துக்கொண்டு. கதவுக்கடியில் உருட்டிவிட்டிருக்கலாம், அத்தனை இடைவெளி உண்டு. அப்புறம் அமைதி. நல்ல எபிசோடில் அமைதிதான் கஷ்டம் சார், நடிகர்கள் அதை அவசரப்பட்டுக் கெடுத்துவிடுவார்கள். இவர் கெடுக்கவில்லை. மெக்கானிக் பெண் திரும்பிப் பார்த்து அலறிய பிறகுதான் நான் கயிற்றை இழுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அடையாள வசனம் வரவில்லை, அதனால் இழுக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். நம்பினார்கள். தங்கச்சி மட்டும் எடுத்ததைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

"அண்ணா, அந்தத் தட்டு நான் எழுதலையே" என்றாள். "யாரைக் கூப்பிட்டாரு?"

அவளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. சொல்லிவிட்டேன். இந்த ஸ்டேஷனுக்கு என்னைக் கூட்டிவந்தவளும் அவள்தான்.

நேற்று இங்கே வந்திருந்தாள். உட்காரக்கூட இல்லை. "அதை அழிச்சாச்சு. இனிமே நான் எழுத மாட்டேன். நீ என் அண்ணன்னு யார்கிட்டயும் சொல்லிக்காத" என்றாள். கோபத்தில் சொல்கிறாள். அவ்வளவு அருமையான எபிசோடை யாராவது அழிப்பார்களா? எங்காவது ஒரு பிரதி வைத்திருப்பாள். வெளியாகட்டும், ஊரே பேசும். அப்போது எனக்குப் போன் பண்ணுவாள். அந்தத் தட்டுகளை மட்டும் வெட்டிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். படத்திலேயே அதுதான் நல்ல இடம்.

அவ்வளவுதான் சார். எல்லாம் சொல்லிட்டேன்.

கதவு அப்படியே இருக்கிறதே. வெளியே நிற்கிறவருக்குக் காது கேட்காதா? உள்ளே ஒரு ஆள் இருக்கிறான் என்ற நினைப்பு வேண்டாமா சார்?