காதுக்குள் சொல்லிப் பார்க்க வேண்டும்

— இன்னுமோ? நிருஷா, வேலை முடிஞ்சு கீழை வாசலிலை நில்லும் எண்டெல்லோ சொன்னனான். நான் ரொக்ஸ்பரோவிலை இருந்து வெளிக்கிட்டிட்டன். பூசை தொடங்க முதல் கோயிலிலை நிக்கோணும்.

— அதைப் பற்றித்தான் கதைக்க எடுத்தனான், மச்சாள்.

— தலை சுத்துதோ? கந்தசஷ்டி எண்டா முதலிலை அப்பிடித்தான். பேந்து பழகியிடும்.

— அதில்லை. யோம் கிப்பூருக்கு மடாம் சிசிலி செய்த கூத்துச் சொன்னனானோ?

— ஆர், நீர் பாக்கிற அந்த வயசு போன மனுசியோ?

— ஓம். யூத ஆக்களின்ர பெரிய விரதம் அது. பச்சைத் தண்ணியும் இல்லை. இவவுக்குச் சீனி வருத்தம், இருதயமும் சரியில்லை. டொக்டர் சாப்பிடத்தான் வேணுமெண்டிட்டார். மனுசி மாட்டனெண்டு நிண்டா.

— நல்ல மனுசி. விரதமெண்டா அப்பிடி இருக்கோணும்.

— இல்லை, கேளுங்கோ. அவையின்ர ஐயர், ரபி எண்டு சொல்லுறவை, அவர் முதல் நாளே வீட்டை வந்து சொல்லிப்போட்டுப் போனவர். டொக்டர் சொன்னாப் பிறகு பட்டினி கிடந்தா அது பக்தியில்லையாம், பாவமாம். அடுத்த நாள் நான்தான் குடுத்தனான். சின்னக் கப்பிலை ஒரு மிடறு, கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு மிடறு. அப்பிடிக் குடிச்சா முழுசா முறிச்ச கணக்கில்லையாம். அழுதழுது குடிச்சா.

— சரி, அது அவையின்ர சட்டம். நாங்கள் யூதரோ?

— இல்லைத்தான்.

— இல்லையெல்லோ. போன பிள்ளை உமக்குத் தங்கேல்லை. இது தங்கோணுமெண்டு முருகனுக்கு நேத்தி வைச்சது நான். உம்மைக் கூட்டிக்கொண்டு போய்க் காப்புக் கட்டுவிச்சதும் நான். சும்மா வேறை கதை கதையாதையும்.

— எனக்கும் டொக்டர் பட்டினி கிடக்க வேண்டாமெண்டவ.

— டொக்டருக்குச் சஷ்டி தெரியுமோ? எங்கட ஐயர் வேண்டாமெண்டவரோ?

— அவரை நாங்கள் கேக்கேல்லையே, மச்சாள்.

— உதெல்லாம் போய்க் கேக்கிறதோ! இருக்க விருப்பமில்லாத ஆள் எண்டு நினைப்பார்.

— மடாமும் அதைத்தான் கேட்டவ, உங்கட ஐயர் என்ன சொன்னவரெண்டு. கேக்கேல்லையெண்டன். அவையின்ர சட்டத்திலை ஒண்டு இருக்காம். வயித்துப்பிள்ளைக்காரிக்குச் சாப்பாட்டு வாசம் பட்டு ஆசை வந்திட்டா, காதுக்கை மெல்லமாச் சொல்லோணுமாம், இண்டைக்கு விரதமெண்டு. அடங்கினாச் சரி. அடங்காட்டி, அவ தேறுமட்டும் குடுக்கோணுமாம்.

— பகிடியோ? காதுக்கை சொன்னா ஆசை அடங்குமோ?

— சிலருக்கு அடங்குமாம். ஆசை தாய்க்கில்லையாம், பிள்ளைக்காம்.

— இப்ப ஏன் உந்தக் கதை?

— மடாம் இண்டைக்கு மீன் வைச்சவ. மொறோக்கோ முறை. தக்காளி, உள்ளி, செத்தல் மிளகாய் எல்லாம் போட்டு. எங்கட குழம்பு மாதிரியே மணந்தது. நான் சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். மனுசி வோக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து காதுக்கை சொன்னா, இண்டைக்கு உனக்கு விரதமெண்டு.

— எந்தப் பாசையிலை?

— பிரெஞ்சிலைதான்.

— அப்ப பிள்ளைக்கு விளங்கியிருக்கும். நாளைக்குச் சின்னப்பிள்ளையளை விடுற கார்டறியிலை உதைத்தானே கதைக்கப் போகுது. அடங்கிச்சுதோ?

— இல்லை.

— பேந்து?

— சாப்பிட்டிட்டன், மச்சாள்.

— முருகா! மீனோ? கையிலை காப்போடையோ?

— ஓம். ரெண்டு துண்டு.

— உமக்கென்ன விசரோ! ஒரு வாழைப்பழம் கிடைக்கேல்லையோ அந்த வீட்டிலை? அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்தா...

— நேற்றுக் காலமை தொட்டு அது அசையேல்லை, மச்சாள்.

— என்ன?

— மீன் சாப்பிட்ட பிறகுதான் அசைஞ்சது. ஒருக்காப் பெரிசா, ஒருக்காச் சின்னனா. இப்ப திரும்பவும் பேசாமல் கிடக்கு.

— நேற்றுத் தொட்டோ? அடி பிள்ளை, ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை? என்ர தம்பிக்குத் தெரியுமோ?

— அவருக்குச் சொன்னா உங்களோடை சண்டைக்கு வருவார்.

— வரட்டும். வந்தாத் தகும். கோட்டைப் போட்டுக்கொண்டு இப்பவே கீழை வாரும். ஆசுப்பத்திரிக்குப் போவம்.

— பூசை?

— பூசை அங்கை நடக்கும்.

— காப்பைக் கழட்டட்டோ?

— அது கையிலை கிடக்கட்டும். அந்த மனுசியிட்டை அந்த மீனிலை மிச்சமிருந்தாக் கட்டித் தரச் சொல்லும். எமேர்ஜென்சியிலை எப்ப கூப்பிடுவாங்களோ தெரியாது.