ப்ரைடி ஏன் மூலையில் தோற்கிறாள்

ப்ரைடி மூலைகளில் மட்டும்தான் செத்துப்போவாள். நான் சொல்வது ஆட்டத்தில். ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் மறுபக்கம் நின்று சுட்டுக்கொள்ளும் கம்ப்யூட்டர் ஆட்டம் அது. திறந்த வெளியில் அவளை யாரும் நெருங்க முடியாது. எதிராளி எந்தக் கதவு வழியாக வருகிறான் என்பதைக் காலடிச் சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். ஆனால் சுவரோரத்திலிருந்து ஒருவன் திடீரென்று தலை நீட்டினால் எப்போதும் அவன் குண்டுதான் முந்தும், மயிரிழையில். இரண்டு வருடம் எட்டு மாதமாக இதற்குக் காரணம் அவளுக்கும் தெரியவில்லை, எங்கள் பர்னி ஊரின் சனிக்கிழமை ஆட்டச் சங்கத்தில் வேறு யாருக்கும் தெரியவில்லை.

டாஸ்மேனியாவின் இந்த வடகரையில் எல்லாத் தோல்விக்கும் ஒரே பதில் உண்டு: நீரிணை. ஆட்டத்தின் சர்வர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. நாங்கள் அழுத்தும் ஒவ்வொரு பொத்தானும் பாஸ் நீரிணைக்கு அடியில் கிடக்கும் கேபிள் வழியாகப் போய்த் திரும்ப வேண்டும். அதனால் கொஞ்சம் தாமதம் உண்டு, உண்மைதான். ஆனால் எங்கள் ஆட்கள் அதோடு விடுவதில்லை. பால்பண்ணை வைத்திருக்கும் டார்சி வீட்டில் ரொட்டி கருகினால்கூட, "நீரிணைதான், வேற என்ன" என்பான். இப்படி ஒரு பதில் எல்லார் வாயிலும் தயாராக இருக்கும் ஊரில் வேறு பதிலை யாரும் தேடமாட்டார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது.

சங்கச் செயலாளர் நொலீன் என்னை எழுதச் சொல்லியிருக்கிறார். வருகிற ஞாயிறு இரண்டு மணிக்கு ப்ரைடிக்கு மெல்பர்ன் அணியின் தேர்வு ஆட்டம். அவளுக்கு இது இரண்டாவது வாய்ப்பு, இனி மூன்றாவது கிடையாது. எடுத்துக்கொண்டால் சம்பளம், வீடு எல்லாம் அவர்களே தருவார்கள்; துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதை அவள் விட்டுவிடலாம். அதற்குள் அந்த மூலைச் சிக்கலைத் தீர்க்க வேண்டும் என்பது சங்கத்தின் விருப்பம். "நீதான் கம்ப்யூட்டர் கடைக்காரன். என்ன கோளாறுன்னு எழுதிக் குடு. எனக்கும் புரியணும், சுருக்கமாவும் இருக்கணும்" என்றார். முதல் பாதியை நிறைவேற்ற முயல்கிறேன்.

திரை வாங்கியதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அந்த வேலையை நான் நன்றாகச் செய்தேன். ப்ரைடி என் கடைக்கு வந்தபோது அவளிடம் முந்நூறு டாலர் இருந்தது. குறைந்த விலையில் ஆட்டத்துக்கான திரை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெரிய திரையைத்தான் பார்ப்பார்கள். அவளும் முப்பத்திரண்டு அங்குல வளைந்த திரை முன்னால் போய் நின்றாள்.

"இது பாரேன், கீரன். படகு மாதிரி இருக்கு."

"படகுல நீ சுடப்போறியா, மீன் பிடிக்கப்போறியா?"

"ஆரம்பிச்சிட்டாரு வாத்தியார்" என்றாள். என்னை அவள் கூப்பிடுவது அப்படித்தான்.

நான் பொறுமையாகச் சொன்னேன். அவள் கம்ப்யூட்டரின் கிராஃபிக்ஸ் அட்டை பழையது. திரை பெரிதானால் அது வரைய வேண்டிய புள்ளிகளும் பெருகும், மூச்சு வாங்கும். இருபத்துநான்கு அங்குலம் போதும். கழுத்தைத் திருப்பாமல் நான்கு ஓரங்களும் கண்ணில் படும். மலிவான திரைகளில் சில, இருட்டுக் காட்சியில் நகரும் உருவத்துக்குப் பின்னால் மை இழுபட்டதுபோல ஒரு கறை விடும். அவற்றைத் தவிர்க்க வேண்டும். கறை மறைய ஒரு மில்லி செகண்ட் என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை நம்பக் கூடாது. தாங்கி உயராவிட்டால் கவலையில்லை, அடியில் இரண்டு தடித்த புத்தகம் வைத்தால் சரி.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, திரை ஒரு விநாடியில் எத்தனை படம் காட்டும் என்பது. நொலீன், குழந்தைகள் நோட்டுப் புத்தக ஓரத்தில் படம் வரைந்து சரசரவென்று புரட்டுவார்களே, அதுதான் திரை. சாதாரணத் திரை விநாடிக்கு அறுபது பக்கம் புரட்டும். நான் அவளுக்குத் தேர்ந்தெடுத்தது நூற்று அறுபத்தைந்து பக்கம் புரட்டும். மூலையில் ஒருவன் தலை நீட்டுவது, பக்கம் புரளும்போதுதான் தெரியும். அறுபதில் ஆடுகிறவளுக்கு அவன் அடுத்த பக்கத்தில் வருவான். மற்றவனுக்கு அதற்குள் இரண்டு மூன்று பக்கம் புரண்டிருக்கும்.

இருநூற்று நாற்பது டாலருக்கு அதைவிட நல்ல திரை அன்று இந்தத் தீவில் இல்லை. என் மேஜையில் இருப்பதும் அதே மாடல்தான். அந்தத் தேர்வில் இன்றுவரை ஒரு குறை சொல்ல முடியாது.

அன்று மதியமே அவள் வீட்டுக்குப் போய் நானே மாட்டிக் கொடுத்தேன். இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. புதுத் திரையை மாட்டியதும் கம்ப்யூட்டர் பல நேரம் பேசாமல் அறுபதிலேயே ஓட்டும். அமைப்புகளுக்குள் போய் நாம்தான் மாற்ற வேண்டும். காசு கொடுத்து வேகமான திரையை வாங்கிவிட்டு, வருடக்கணக்கில் அறுபதிலேயே ஆடுகிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது கடையில் பார்க்கிறேன். நான் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். மவுஸ் அந்த எண்ணின்மேல் நின்றது.

அப்போது ப்ரைடி சுட்ட சீஸ் ரொட்டியுடன் வந்தாள். "வாத்தியார், ஒரு சேதி. மெல்பர்ன்காரங்க கூப்பிட்டிருக்காங்க. அடுத்த வாரம் தேர்வு. கிடைச்சா நவம்பர்ல கிளம்பிருவேன்."

"நல்ல சேதி" என்றேன். அந்தப் பக்கத்தை மூடிவிட்டு ரொட்டியை எடுத்துக்கொண்டேன்.

நான் எதையும் செய்யவில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நானும் அவளும் ஆறு வருடமாக ஜோடியாக ஆடுகிறோம். நல்ல ஜோடி அமைவது எளிதல்ல. மெல்பர்னில் அவளுக்கு யாரையும் தெரியாது, வாடகை அதிகம், டிராம் சத்தம் வேறு. யோசித்துப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கட்டும் என்று நினைத்தேன். அந்தத் தேர்வில் ஒரே ஓர் இட வித்தியாசத்தில் அவளுக்கு வாய்ப்புப் போனது. மூலைகளால்தான்.

"நீரிணையா?" என்று கேட்டாள்.

"நீரிணையா இருக்கலாம்" என்றேன். இருக்கலாம் என்றுதான் சொன்னேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை.

ஆறு மாதம் கழித்து இணையத்தில் யாரோ, திரையின் அமைப்பைச் சரிபார் என்று அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். என்னிடம் கேட்டாள். சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்றேன். கடையின் கடைசி இழுப்பறையில் ஒரு பழைய இணைப்புத் துண்டு கிடந்தது, தீப்பெட்டி அளவு. கம்ப்யூட்டருக்கும் திரைக்கும் நடுவில் அதை மாட்டினால் விநாடிக்கு அறுபது படத்துக்கு மேல் கடத்தாது. திரையோடு வந்த கேபிளை அலமாரியில் சுருட்டி வைத்து, அந்தத் துண்டை வேறொரு பழைய கேபிளோடு மாட்டிவிட்டு, அமைப்புப் பக்கத்தை அவளையே திறந்து பார்க்கச் சொன்னேன்.

"அறுபதுதான் இருக்கு" என்றாள்.

"உன் கண்ணால நீயே பாத்துட்ட" என்றேன்.

அதன் பிறகு அவள் கேட்கவில்லை. தன் கைகளைச் சந்தேகிக்க ஆரம்பித்தாள். முதலில் காப்பியை நிறுத்தினாள். பிறகு மருந்துக்கடையில் மெக்னீசியம் மாத்திரை வாங்கினாள். கண் மருத்துவர் கண் நன்றாக இருக்கிறது என்றார். கடைசியில் நரம்புப் பரிசோதனைக்கு லான்செஸ்டன் போக வேண்டியிருந்தது. நான்தான் ஓட்டிப்போனேன். முழங்கையிலிருந்து விரல் வரை சிறு மின்னதிர்வு கொடுத்து, அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்கிறார்கள், அருமையான கருவி. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்க, நான் கருவியை இயக்கிய பெண்ணிடம் கேள்வி கேட்டபடி இருந்தேன். நரம்பில் ஒரு குறையும் இல்லை. திரும்பும்போது, சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட ஸ்காலப் பை ஒன்று தின்ன வாங்கிக் கொடுத்தேன். பாதி வழியில் இருக்கும் எலிசபெத் டவுன் வரை அவள் அதைப் பிரிக்கவில்லை.

"அப்ப நோயும் இல்ல. நான்தான் ஸ்லோ. அவ்ளோதான்" என்றாள்.

"ஸ்லோவா இருந்தா என்ன? நான் இருக்கேன்ல" என்றேன். ஆறுதல் சொல்வதில் நான் கெட்டிக்காரன். அந்த இரண்டு வருடமும் சங்கக் கோப்பை எனக்குத்தான் கிடைத்தது.

இந்த ஏப்ரலில் எதிர்பாராமல் ஒன்று நடந்தது. சனிக்கிழமைகளில் புல்வெளிப் பந்துக் கழகத்தின் கூடத்தில் கூடுவோம். அவரவர் கம்ப்யூட்டரை அவரவர் தூக்கி வர வேண்டும், திரையை முன்சீட்டில் வைத்து பெல்ட் போட்டு. ஆளுக்கொரு தட்டுத் தின்பண்டமும். அங்கே எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே பெட்டியில் இணைகின்றன, கடல் குறுக்கே வராது. அங்கேயும் ப்ரைடி மூலையில்தான் தோற்பாள். நீரிணைத் தாமதத்துக்குக் கை பழகிப்போச்சு என்பார்கள். அன்று அவள் துறைமுக வேலையிலிருந்து நேராகக் கையை வீசிக்கொண்டு வந்துவிட்டாள். டார்சி பால் கறக்கப் போயிருந்தான். அவன் இடத்தில் உட்கார்ந்தாள். தொடர்ந்து பதினொரு மூலை. பதினொன்றிலும் அவள் குண்டுதான் முந்தியது. கடைசி இரண்டில் செத்தது நான்.

கூடம் முழுக்க அவள் பின்னால் வந்து நின்றது. "என்னடி இது, நீரிணை வத்திப்போச்சா?" என்றான் அப்போதுதான் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த டார்சி.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் யோசித்துவிட்டு, "நாற்காலி. இது ரெண்டு இஞ்ச் உயரம். முழங்கைக் கோணம் மாறுது" என்றேன். கோணத்தைப் படம் போட்டும் விளக்கினேன்.

டார்சி தங்கமானவன். அன்றே அந்த நாற்காலியைத் தன் வண்டியில் ஏற்றி ப்ரைடி வீட்டில் இறக்கினான். இப்போது அவன் பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து ஆடுகிறான். ப்ரைடி அவன் நாற்காலியில் உட்கார்ந்து தோற்கிறாள்.

நொலீன் முப்பது வருடம் பந்துக் கழகத்தில் நடுவராக இருந்தவர். ஒருநேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். போன சனிக்கிழமை எலுமிச்சைக் கேக் துண்டு நீட்டியபடியே கேட்டார்: "நாற்காலி போச்சு, சரியாகல. அப்ப டார்சியோட டேபிள்ல வேற என்ன இருந்துச்சு, கீரன்?"

"மத்ததெல்லாம் ஒண்ணுதான்" என்றேன்.

"அப்படியா? அப்ப எழுதிக் குடு" என்றார்.

இதோ எழுதிவிட்டேன். ப்ரைடியைப் பற்றிச் சங்கம் கவலைப்பட வேண்டாம். அவள் கை இந்தக் கரையிலேயே வேகமான கை. எனக்கு அது முதல் நாளிலிருந்தே தெரியும். அவள் போனால் நானும் கூட வருவேனா என்று இதுவரை அவள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை இதெல்லாம் தேவைப்பட்டிருக்காது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கம்ப்யூட்டரின் பின்னால் தீப்பெட்டி அளவில் மாட்டியிருக்கும் துண்டைக் கழற்றவும். திரையோடு வந்த தடித்த கேபிள் அவள் அலமாரியின் இரண்டாம் தட்டில், சுருட்டியபடி இருக்கிறது. அதை கிராஃபிக்ஸ் அட்டையில் நேராகச் செருகவும். திரை அமைப்புகளைத் திறந்து, மேம்பட்ட அமைப்புகளுக்குள் போய், 60 என்று இருப்பதை 165 என்று மாற்றவும். இரண்டு நிமிட வேலை. நிச்சயம் பலிக்கும். நேற்று அவள் வேலைக்குப் போயிருந்தபோது பூனைக்குச் சோறு வைக்கப் போன நான், எல்லாவற்றையும் ஒருமுறை செய்து, பத்து நிமிடம் ஆடியும் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. பிறகு துண்டைப் பழையபடி மாட்டி, அறுபதிலேயே விட்டுவிட்டு வந்தேன். அவளுடைய திரை, அவளைக் கேட்காமல் நான் மாற்றுவது முறையல்ல.